முதல் தடவை பினாங்கு போறவங்களுக்கு: ரொட்டி சானாய்ல இருந்து ராம்லி பர்கர் வரைக்கும்

முதல் தடவை மலேசியாவுல இருக்குற பினாங்குக்குப் போனப்போ போன்ல பதினாலு ஐட்டம் லிஸ்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். மத்தியானம் மூணு மணிக்கு ஜார்ஜ் டவுன்ல ரூம்ல பையைப் போட்டுட்டு வெளிய வந்தா, காலை டிபன் கடைக்காரர் ஸ்டூலை எல்லாம் கவுத்து வச்சுட்டு தரையக் கழுவிட்டு இருக்காரு, ராத்திரி கடை போடுற தெருன்னு குறிச்சு வச்ச இடத்துல வரிசையா கார் நிக்குது, பேர் பெத்த நூடுல்ஸ் கடைக்கு அன்னிக்கு வார லீவு. கடைசில ரூமுக்குக் கீழ இருந்த மினி மார்ட்ல ஒரு பன் வாங்கித் தின்னுட்டுப் படுத்தேன். சாப்பாட்டுக்குன்னே பேர் போன ஊரு, அங்க போய் முதல் நாள் பன்.

அதுக்கப்புறம் மூணு தடவை போயாச்சு (மச்சினனுக்கு எதிர்க்கரையில பட்டர்வொர்த்துல வேலை, தங்குற செலவு இல்ல, அவ்வளவுதான் ரகசியம்). இப்ப தெரிஞ்சவங்க யாராவது கிளம்புறாங்கன்னா நான் கடை பேர் பெருசா சொல்றதில்ல, எந்த நேரத்துக்கு எதைத் தேடணும், எப்படிக் கேக்கணும், எங்க ஏமாறுவோம், இதைத்தான் சொல்லி அனுப்புறேன். அதையே இங்க எழுதிடறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர் போறவங்களுக்கும் முக்கால்வாசி இது உதவும், ஆனா நான் நல்லா சுத்துனது பினாங்குதான்.

1. முதல்ல வாட்ச்சைப் பாருங்க

இந்த ஊர்ல ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. காலைல ஏழுல இருந்து பத்து வரைக்கும் ரொட்டி சானாய், நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு) பொட்டலம், குவேன்னு சொல்ற பலகாரம். பதினொண்ணுக்கு மேல நாசி கண்டார், வாழையிலைச் சாப்பாடு. ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் வெயில் மண்டையப் பிளக்கும், அப்போ செண்டோல், ரோஜாக்னு பழக் கலவை, வாழைப்பழ பஜ்ஜி. ஆறு மணிக்கு மேல தெருவோரக் கடைங்க, நியூ லேன், சூலியா ஸ்ட்ரீட், கிம்பர்லி ஸ்ட்ரீட் பக்கமெல்லாம் வண்டிங்க வந்து நிக்கும். பத்து மணிக்கு மேல பர்கர், மேகி கோரேங்னு வறுத்த மேகி. இந்த வரிசைய மனசுல வச்சுக்கிட்டா லிஸ்ட்டே தேவையில்ல, அந்தந்த நேரத்துக்கு எங்க கூட்டம் நிக்குதோ அங்க போய் நில்லுங்க.

வார லீவு கடைக்குக் கடை மாறும். ஒரே ஒரு கடைக்காக டாக்ஸி புடிச்சு தூரமா போறதா இருந்தா மட்டும் அன்னிக்குத் திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல நிறைய முஸ்லிம் கடைங்க கொஞ்ச நேரம் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டு வாரத்துல சீனக் கடைங்க பாதிக்கு மேல இருக்காது. நோன்பு மாசத்துல பகல்ல சாப்பாட்டுக் கடை டல்லாத்தான் இருக்கும், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரம்ஜான் பஜார் போடுவாங்க பாருங்க, அதுக்குன்னே டிக்கெட் போடலாம்.

2. பத்துப் பதினஞ்சு வார்த்தை போதும்

பினாங்குல தமிழ் ஓரளவு ஓடும், இங்கிலீஷ் நல்லாவே ஓடும், இருந்தாலும் மலாய்ல நாலு வார்த்தை தெரிஞ்சா ஆர்டர் தப்பாது. ஆயாம்னா கோழி, கம்பிங்னா ஆடு, இக்கான்னா மீன், ஊடாங்னா இறால், தெலோர்னா முட்டை, சாயூர்னா காய்கறி, பாபின்னா பன்றி. டாகிங்னா பொதுவா இறைச்சி, ஆனா கடையில சும்மா டாகிங்னு எழுதியிருந்தா அது மாட்டுக்கறின்னே எடுத்துக்கோங்க. "தா மாவ்"னா வேணாம். "பெராப்பா"ன்னா எவ்வளவு. "பெடாஸ்"னா காரம். "பூங்குஸ்"னாலும் "தப்பாவ்"னாலும் பார்சல். கடைக்காரரை "பாஸ்"னு கூப்பிடலாம், மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம்கள் நடத்துறது) "அண்ணே"ன்னு கூப்பிடுங்க, அங்க சீனப் பசங்களே அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க.

டீ, காபிக்கு மட்டும் தனிப் பாடம் வேணும். சும்மா "தே"ன்னு கேட்டா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தின டீ வரும், நம்ம ஊரு டீயை விட ரெண்டு மடங்கு இனிப்பு. "தே ஓ"ன்னா பால் இல்லாம சர்க்கரை மட்டும். "தே ஓ கோசோங்"னா பாலும் இல்ல சர்க்கரையும் இல்ல, கோசோங்னா காலி. "தே சி"ன்னா இனிப்பில்லாத எவாபரேட்டட் மில்க் ஊத்தி வரும். "குராங் மானிஸ்"னு சேத்துச் சொன்னா இனிப்பைக் குறைப்பாங்க, அதாவது அவங்க கணக்குக்குக் குறைப்பாங்க. கடைசில "ஐஸ்"னு போட்டா ஜில்லுனு வரும். "தே" போடுற இடத்துல "கோப்பி"ன்னு போட்டா அப்படியே காபிக்கும் பொருந்தும். ஆனா ஃபில்டர் காபிய எதிர்பாத்துப் போகாதீங்க, அங்க கொட்டையை சர்க்கரை, மார்ஜரின் எல்லாம் சேத்து வறுக்குறாங்க, கருகருன்னு கொஞ்சம் கருகின வாசனையோட இருக்கும். எனக்கு மூணாவது நாள்தான் புடிச்சுது, இப்ப அது இல்லாம முடியல.

3. என்ன சாப்பிட மாட்டீங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க

இது முக்கியம், கூச்சப்படாம படிங்க. நம்ம ஊரு மெக்டொனால்ட்ஸ்ல மாடு கிடையாது, அந்தப் பழக்கத்துல மலேசியாவுல போய் பிக் மேக் ஆர்டர் பண்ணா அது மாட்டுக்கறி. வேணாம்னா ஆயாம் கோரேங், அதாவது பொரிச்ச கோழி வாங்குங்க, காலைல போனா பூபூர் ஆயாம்னு கோழிக் கஞ்சி கிடைக்கும், நம்ம ஊரு மெக்டொனால்ட்ஸ்ல இது இல்லையேன்னு தோணும். சென்னையில பாத்திருப்பீங்களே மேரிபிரவுன், அது மலேசியாக் கம்பெனி, 1981ல ஜோகூர் பாருல ஆரம்பிச்சது. அவ்வளவுதான், இந்த செயின் கடைங்களுக்கு இதுக்கு மேல நேரம் செலவழிக்காதீங்க.

சைவக்காரங்களுக்கு உண்மையான எதிரி கறி இல்ல, பெலாச்சான். இறாலைப் புளிக்க வச்சு அரைச்ச விழுது, பாதி சம்பல்ல (மிளகாய் விழுது) அது இருக்கும். நாசி லெமாக் பாக்க சைவம் மாதிரி இருக்கும், சம்பலுக்குள்ள நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். ரொட்டி சானாய்க்கு ஊத்துற குழம்பு மீன் குழம்பா இருக்கலாம், "தால் மட்டும்"னு சொல்லி வாங்குங்க. சைவத்துக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, லிட்டில் இந்தியா, குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைச் சுத்தி. ரெண்டாவது, சீன பௌத்தர்கள் நடத்துற சைவக் கடை, வெங்காயம் பூண்டு கூட பெரும்பாலும் போட மாட்டாங்க, ஆனா கறி மாதிரியே செஞ்சு வச்சிருப்பாங்க, எங்க அம்மா ஒரு துண்டைப் பாத்துட்டு இது கோழிதான்னு அடம் புடிச்சு எழுந்து போயிட்டாங்க. சீனக் காலண்டர்ல ஒம்பதாவது மாசம், நம்ம கணக்குக்கு பெரும்பாலும் அக்டோபர் பக்கம், நவராஜாக்கள் திருவிழான்னு ஒம்பது நாள் நடக்கும், அப்போ மஞ்சள் கொடி கட்டின சைவக் கடைங்க தெருவெல்லாம் முளைக்கும். சைவக்காரங்களுக்கு அதை விட நல்ல சீசன் இல்ல.

ஹலால் பாக்குறவங்க மாமாக், மலாய்க் கடைங்கள்ல கண்ணை மூடிட்டு சாப்பிடலாம். சீனக் கடை சார் குவே தியாவ்ல (வறுத்த அரிசி நூடுல்ஸ்) பெரும்பாலும் பன்றி நெய் இருக்கும், ஹலாலா போடுற கடை தனியா இருக்கு, விசாரிங்க. ரெண்டும் கலந்த ஃபுட் கோர்ட்ல தட்டை எங்க வைக்கணும்னு தனித்தனியா எழுதியிருப்பாங்க, மாத்தி வச்சிராதீங்க.

4. முதல் காலை: ரொட்டி சானாய்

ஆரம்பிக்க இதுதான் நல்லது, ஏன்னா பாதி தெரிஞ்ச பண்டம். நம்ம புரோட்டாவுக்குத் தம்பின்னு வச்சுக்கோங்க, ஆனா மெலிசு, வெளிய மொறுமொறு. "கோசோங்"னா சாதா, "தெலோர்"னா உள்ள முட்டை, "பாவாங்"னா வெங்காயம், "பீசாங்"னா வாழைப்பழம். "பஞ்சிர்"னா வெள்ளம், ரொட்டி மேலயே குழம்பை ஊத்தி மூழ்கடிச்சுக் குடுப்பாங்க, நான் எப்பவும் அதுதான். ரொட்டி திசுன்னு ஒண்ணு இருக்கு, பேப்பர் மாதிரி மெலிசா கூம்பா நிக்க வச்சு சர்க்கரை தூவித் தருவாங்க, குழந்தைங்க இருந்தா வாங்குங்க, போட்டோவும் ஆச்சு இனிப்பும் ஆச்சு. ஒரு ரொட்டி கோசோங் 2 ரிங்கிட் பக்கம் வரும், ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேலன்னு கணக்கு வச்சுக்கோங்க. 2024ல யுனெஸ்கோ மலேசியாவோட காலை டிபன் பழக்கத்தையே பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் (ஆத்தின டீ) மூணும் அதுல வருது. நம்ம ஆளுங்க கல்லுல வீசின ரொட்டிக்கு அந்த மரியாதைன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்.

இங்க ஒரு எச்சரிக்கை. காலைல மூணு ரொட்டி அடிச்சீங்கன்னா மத்தியானம் வரைக்கும் வேற எதுவும் இறங்காது. ரெண்டு பேர் போனா ஒண்ணு வாங்கிப் பிச்சுக்கோங்க. நாள் முழுக்க இதே கணக்குதான், எந்தக் கடையிலயும் வயிறு நிறைய சாப்பிடாதீங்க, "கிச்சில்"னு கேட்டா சின்ன பிளேட் தருவாங்க.

5. குவே: பத்து மணிக்குள்ள

குவேன்னா அரிசி மாவு, தேங்காய்ப் பால், பாண்டான் இலை (இலங்கையில ரம்பைன்னு சொல்றது), தென்னங்கருப்பட்டி இதையெல்லாம் வச்சு செய்யுற பலகாரக் கூட்டம். மார்க்கெட்டுக்குள்ள ஒரு அக்கா தட்டு தட்டா பச்சை, ரோஸ், ஊதான்னு அடுக்கி வச்சிருப்பாங்க, ஒண்ணு ரெண்டுன்னு கலந்து வாங்கலாம், விலை சில்லறைக் காசுதான். மத்தியானத்துக்குள்ள தீந்துரும். வாங்கின அன்னிக்கே சாப்பிட்டுரணும், ஃபிரிட்ஜ்ல வச்சா கல்லு மாதிரி ஆயிடும்.

முதல் தடவை வாங்குறவங்க ஓன்டே ஓன்டே கண்டிப்பா வாங்குங்க. பச்சைக் கலர்ல கோலிக்குண்டு சைஸ், மேல தேங்காய்த் துருவல். பாத்தா நம்ம கொழுக்கட்டை மாதிரிதான், ஆனா உள்ள இருக்குறது பூரணம் இல்ல, உருகின கருப்பட்டிப் பாகு. முழுசா வாயில போட்டு வாயை மூடிட்டுத்தான் கடிக்கணும். நான் பாதி கடிச்சுப் பாக்கலாம்னு பல்லு வச்சேன், பீச்சியடிச்சு எதிர்ல நின்ன அந்த அக்காவோட ஏப்ரன்ல பழுப்பா ஒரு கோடு. அவங்க சிரிச்சுட்டே துடைச்சுட்டு, வாயை மூடிக் காட்டி "இப்படி"ன்னு சைகை பண்ணாங்க, இன்னொண்ணு ஃப்ரீயா வேற குடுத்தாங்க. குவே லாப்பிஸ் அடுக்கடுக்கா கலர் மாறி இருக்கும், ஒவ்வொரு அடுக்கா உரிச்சுத் தின்னுறதுதான் முறை, பெரியவங்களும் அப்படித்தான் தின்னுறாங்க. ஆமை ஓடு மாதிரி சிவப்பா இருக்குறது ஆங் கூ, உள்ள பாசிப்பயறுப் பூரணம். நீலக் கலர் சோத்துக் கட்டியப் பாத்து பயப்பட வேணாம், அது சங்குப்பூ கலர்.

புட்டு மாயம்னு ஒருத்தர் விப்பாரு, அது நம்ம இடியாப்பம், தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் வச்சுத் தருவாங்க. பேரு மட்டும் புட்டாயிடுச்சு. சின்ன ஆப்பச் சட்டியில முட்டை ஊத்தி மெலிசா சுட்டு நாலா மடிச்சுத் தர்ற அப்போம் தெலோரும் நம்ம ஆளுங்க கொண்டு போனதுதான், சூடா வாங்கி நின்ன இடத்துலயே முடிச்சிருங்க.

6. மத்தியானம்: நாசி கண்டார், இங்கதான் பர்ஸ் கிழியும்

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோள்ல கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்புன்னு தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல வித்த சாப்பாடு. இப்ப கண்ணாடிக்குப் பின்னாடி இருபது ட்ரே. சோறு வாங்கி, விரலைக் காட்டி ஒவ்வொண்ணா கேக்கணும், "குவா சம்போர்"னு சொன்னா நாலஞ்சு குழம்பைக் கலந்து ஊத்துவாங்க, ருசியே அந்தக் கலவையிலதான்.

விலை போர்டைப் பாத்தாலும் உங்க தட்டுக்கு எவ்வளவுன்னு உங்களுக்குக் கணக்கு வராது, கல்லாக்காரர் தட்டை ஒரு பார்வை பாத்து ஒரு தொகை சொல்லுவாரு. நான் பந்தாவா கை அகல இறால் ஒண்ணைக் காட்டி "அதையும் வைங்கண்ணே"ன்னு சொல்லிட்டேன், பில் பாத்தப்புறம் மூணு நாள் ரொட்டி கோசோங்தான். கடைமேல தப்பு சொல்ல முடியாது, கேக்காதது நான்தான். இறால், நண்டு, கணவாய், மீன் முட்டை இந்த நாலையும் கை காட்டுறதுக்கு முன்னாடி "பெராப்பா"ன்னு கேட்டுருங்க. பசெம்போர்னு பொரிச்ச வடை, டோஃபு, வெள்ளரி மேல சக்கரவள்ளி சாஸ் ஊத்துற தட்டு இருக்கு, அங்கயும் நீங்களே பொறுக்குறதுதான், அதே எச்சரிக்கை.

7. வெயில் நேரம்: ஜில்லுனு

பினாங்கு ரோடு பக்கத்துல கெங் குவீன்னு ஒரு சந்து, அங்க 1936ல இருந்து செண்டோல் விக்கிறாங்க, எப்பவும் கூட்டம் நிக்கும், ஆனா கை வேகமா ஓடும், பத்து நிமிஷத்துல கிண்ணம் வந்துரும். பச்சைப் புழு மாதிரி அரிசி மாவு இழை, துருவின ஐஸ், தேங்காய்ப் பால், ராஜ்மா மாதிரி சிவப்புப் பயறு, மேல கருப்பட்டிப் பாகு. 4, 5 ரிங்கிட். சந்துலயே நின்னுட்டுக் குடிக்கிறதுதான் வழக்கம், நல்லா கலக்குங்க, பாகு அடியில தங்கிரும். ஐஸ் கச்சாங் (துருவின ஐஸ் மேல பாகும் பயறும்) வாங்கினா உள்ள வெள்ளையா ஒரு கொட்டை வரும், அட்டாப் சீன்னு பேரு, கடிச்சுப் பாருங்க, நுங்குக்கு சித்தப்பா பையன்.

ஐஸ் போட்டா வயித்துக்கு ஆகுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. டம்ளர்ல நடுவுல ஓட்டை போட்ட உருளை ஐஸ் போட்டா அது ஃபேக்டரில செஞ்சது, எனக்கு ஒண்ணும் ஆகல. சந்தேகமா இருந்தா கடைச் சுவத்துல ஏ, பி, சின்னு சுத்தத்துக்கு கவுன்சில் குடுத்த கிரேடு ஒட்டியிருக்கும், அதைப் பாருங்க. ஓஆர்எஸ் ரெண்டு பாக்கெட் எப்படியும் பையில இருக்கட்டும், ஒரே நாள்ல தேங்காய்ப் பால் மேல தேங்காய்ப் பாலா ஊத்தினாலும் வயிறு கலங்கும்.

8. சாயங்காலம்: தெருக்கடையில எப்படி உக்கார்றது

இது புதுசா போறவங்க தடுமாறுற இடம். ஒரே இடத்துல பத்து வண்டி, ஒவ்வொண்ணும் வேற ஓனர், நடுவுல டேபிள். முதல்ல டேபிளைப் புடிச்சு நம்பரைப் பாத்துக்கோங்க, அப்புறம் வண்டி வண்டியா போய் ஆர்டர் சொல்லி நம்பரைச் சொல்லுங்க, சாப்பாடு டேபிளுக்கே வரும், வரும்போது காசு குடுக்கணும். 1, 5, 10 ரிங்கிட் நோட்டா வச்சுக்கோங்க, அங்க ஒட்டியிருக்குற கியூஆர்க்கு நம்ம ஆப் எல்லாம் வேலை செய்யும்னு நம்பிப் போகாதீங்க. டேபிள் போட்ட ஆளுக்கு வருமானம் முக்கியமா டிரிங்க்ஸ்லதான், அதனால ஒருத்தர் வந்து என்ன குடிக்கிறீங்கன்னு கேப்பாரு, தண்ணி பாட்டிலைக் காட்டி வேணாம்னு சொல்லாதீங்க, சில இடத்துல டிரிங்க்ஸ் வாங்கலன்னா தனியா காசு போடுவாங்க.

பேரு ஏமாத்தும், கவனிங்க. பினாங்குல ஹொக்கியன் மீன்னா இறால் சூப்ல போட்ட நூடுல்ஸ், கோலாலம்பூர்ல அதே பேருக்கு கருப்பா வறுத்த நூடுல்ஸ் வரும். லக்சான்னா தேங்காய்ப் பால் குழம்புன்னு நினைச்சுப் போனேன், பினாங்குல கிடைக்குறது ஆசாம் லக்சா, மீனை உதிர்த்துப் போட்ட புளிக் குழம்புல தடிமனான அரிசி நூடுல்ஸ், மேல புதினா, அன்னாசி, ஒரு ஸ்பூன் கருப்பு இறால் விழுது. மீன் குழம்பு வீட்டுல வளந்தவங்களுக்கு ரெண்டாவது வாயிலயே புடிச்சுரும்.

9. பத்து மணிக்கு மேல: ராம்லி பர்கர்

ஃபாஸ்ட் ஃபுட்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். ராம்லி மொக்னின்னு ஒருத்தர் ஹலால் பர்கர் கறி செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப நாடு முழுக்க தெருவோர வண்டிங்கள்ல அவங்க பன்னும் கறியும்தான். வண்டி, ஒரு பல்பு, ஒரு கல்லு, ஒரு பையன். மார்ஜரினை ஒரு கரண்டி வழிச்சு கல்லுல விட்டு பன்னைக் கவுத்துவான். கறி வட்டையைப் போட்டு நடுவுல கீறி, மிளகுத்தூள், பாட்டில் சாஸ் ரெண்டு உதறு. பக்கத்துல முட்டையை உடைச்சு மெலிசா தேய்ச்சு, அது வேகுறதுக்குள்ள கறிய நடுவுல தூக்கி வச்சு நாலு பக்கமும் கவர் ஒட்டுற மாதிரி மடிப்பான். முட்டைக்கோஸ், மயோனைஸ், சில்லி சாஸ், பேப்பர்ல சுத்தி ஒரு அமுக்கு. முட்டை சுத்தினதுக்கு "ஸ்பெஷல்"னு பேரு. மாடு வேணாம்னா "ஆயாம் ஸ்பெஷல்"னு கேளுங்க, கறியே வேணாம்னா "பெஞ்சோ", அது வெறும் முட்டை. ரெண்டு கையாலயும் புடிச்சு பேப்பரோட தின்னுங்க, சட்டைல சொட்டாம முன்னாடி குனிஞ்சுட்டு.

10. ஊருக்குத் தூக்கிட்டு வர

தாவ் சார் பியான்னு பாசிப்பயறு வச்ச சின்ன பிஸ்கட், பினாங்கு ஸ்பெஷல், கீ ஹியாங்னு 1856ல இருந்து இருக்குற கடை பேமஸ். எந்தக் கடையில வாங்கினாலும் சைவமா, பன்றி நெய் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. சௌரஸ்தா மார்க்கெட்ல ஊறப்போட்ட மாங்காய், ஜாதிக்காய்னு ஜாடி ஜாடியா இருக்கும், கேட்டா ருசி பாக்கத் தருவாங்க. டுரியான் மட்டும் கடையிலயே தின்னுட்டு வந்துருங்க, நிறைய ஹோட்டல்ல உள்ள விட மாட்டாங்க, ரூம்ல வச்சா ஃபைன் போடுவாங்க.

ஊறுகாயை கைப்பையில வைக்காதீங்க, செக்யூரிட்டில எடுத்துருவாங்க. செக்-இன் பையிலதான் போடணும், மூடியச் சுத்தி டேப் ஒட்டி ரெண்டு கவர் போட்டு. நான் ஒரு கவர்தான் போட்டேன், வேட்டி இன்னும் ஜாதிக்காய் வாசம் அடிக்குது.